ஸ்பேஸ் பாரின் வலது ஓரம்

பிப்ரவரி 4

என் ஒரே நாத்தனாருக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "கீபோர்ட்ல ஒண்ணும் இல்ல அண்ணி, உங்க கைதான்" என்றாய். நான் வைத்துவிட்டேன். உன் அண்ணன் வந்து, "ஏன் வச்சுட்ட, நானும் ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருந்தேன்ல" என்று வருத்தப்பட்டார். நாம் வாயால் பேசினால் இப்படித்தான் முடியும். இனி எழுத்தில் பேசுவோம், ஈமெயிலில். எழுத்தில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே புக முடியாது. உனக்கு இது புது அனுபவமாக இருக்கும்.

முதலில் நன்றி. போன மாதம் வந்து தங்கியிருந்தபோது, நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து என் கீபோர்டின் கட்டைகள்மேல் இருந்த பழைய மூடிகளை எல்லாம் பிடுங்கி, கத்தரிப்பூ நிறத்தில் புது மூடிகள் மாட்டிவிட்டு ரயில் ஏறினாய். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய மூடிகளில் எழுத்து அழிந்து மொட்டையாக நின்றதும் உண்மைதான். ஆனால் அந்த மொட்டைதான் எனக்குப் பூட்டு. எந்தக் கட்டை எந்த எழுத்து என்று தெரியாததால் உன் அண்ணன் கிட்டேயே வரமாட்டார். இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. தினமும் என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால், தன் மருந்துக்கடைக்கு வராத மாத்திரைகளைப் பற்றி கம்பெனிக்குப் புகார் எழுதுகிறார்.

இப்போது குறை. ஸ்பேஸ் பார் அழுத்தினால் இறங்குகிறது. ஏறுவதற்குத்தான் யோசிக்கிறது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து சீட்டுக்குத் திரும்பும் அதிகாரியைப் போல, கட்டாயம் வரும், ஆனால் அவசரம் எதுவும் காட்டாது.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். நகர அரங்கில் வாராவாரம் யாராவது வந்து பேசுவார்கள். காது கேளாதவர்களுக்காக அவர் பேசப் பேச நான் அடிப்பேன். அது மேடைக்குப் பக்கத்தில் திரையில் ஓடும். ஒரு சொல்லை அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் அந்தச் சொல் திரைக்குப் போகும். தட்டு விழாதவரை அது என்னிடமே கிடக்கும்.

நேற்று ஓர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் பேசினார். "முப்பது வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன், ஒரு தடவைகூட வழி தவறினதில்ல. எல்லாரும் பாராட்டுவாங்க. அந்தப் பெருமை முழுக்க தண்டவாளத்துக்கு" என்றார். அரங்கமே சிரித்தது. என் திரையில் 'அந்தப் பெருமை முழுக்க' என்பதோடு நிற்கிறது. முந்தைய சொல்லுக்குத் தட்டிய தட்டிலிருந்து ஸ்பேஸ் பார் இன்னும் எழுந்திருக்கவில்லை. மறுபடி தட்டினேன், ஏற்கெனவே படுத்திருப்பதை எப்படிப் படுக்க வைப்பது? சிரிப்பெல்லாம் அடங்கி, டிரைவர் தண்ணீர் குடித்து, அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோதுதான் 'தண்டவாளத்துக்கு' திரைக்குப் போனது.

முன்வரிசையில் காது கேளாத ஒரு தையல்காரம்மா உட்காருவார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அவர் அப்போதுதான் சிரித்தார். நல்ல சத்தமான சிரிப்பு அவருக்கு. நிசப்தமான அரங்கில் அவர் ஒருவர் மட்டும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கடைசிவரை அவர் சிரிக்கவே இல்லை.

இந்தக் கடிதத்தையும் அதே கீபோர்டில்தான் அடிக்கிறேன். இதில் எத்தனை இடைவெளி இருக்கிறதோ அத்தனையும் உன்மேல் எனக்குள்ள புகார் என்று கொள்.

அண்ணி

*

பிப்ரவரி 5

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதாக வைத்துக்கொண்டு, நானும் நலம் என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து எனக்கும் வசதிதான். பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிடக்கிறேன், அங்கே சிக்னல் எங்கே வருகிறது. இந்தப் புதுக் கட்டடத்தின் லிஃப்டை இன்ஸ்பெக்டரிடம் காட்டி ஒப்படைக்கும்வரை ஊர்ப்பக்கம் தலைவைக்க முடியாது.

ஒரு பரிசு கொடுத்தவளை இப்படி விசாரணைக் கூண்டில் ஏற்றும் குடும்பம் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். ஒவ்வொரு மூடியையும் மாட்டி, அழுத்தி, எழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். ஸ்பேஸ் பாரை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சோதித்தேன். ஜம்மென்று எழுந்தது. லிஃப்ட் மெக்கானிக் சோதித்துவிட்டு விட்ட பொருள் அது அண்ணி. நான் சோதித்ததில் ஆட்கள் ஏறிப் போகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மற்ற மூடிகளுக்கு ஒரு கால்தான். ஸ்பேஸ் பார் நீளம் என்பதால் மூன்று கால். நடுக்கால் சுவிட்சின் தலையில் உட்காரும். ஓரத்துக் கால்கள் இரண்டும் இடமும் வலமும் ஸ்டெபிலைசர் என்ற குட்டித் தாங்கிகளில் உட்காரும். தாங்கிகள் இரண்டையும் ஒரு கம்பி சேர்த்துப் பிடித்திருக்கும். ஒன்று இறங்கினால் மற்றதும் கூடவே இறங்க வேண்டும்.

கோளாறு மூடியிலா, கீழே இருக்கும் சுவிட்சிலா என்று முதலில் தெரிய வேண்டும். மூடியை நேர் மேலாக இழுத்துக் கழற்றுங்கள். ஒரு பக்கமாக நெம்பினால் கம்பி வெளியே வந்துவிடும். கழற்றியபின் சுவிட்சை மட்டும் விரலால் அமுக்கிப் பாருங்கள். அது சுறுசுறுப்பாக எழுந்தால் சுவிட்ச் குற்றமற்றது. பிறகு பழைய ஸ்பேஸ் பாரை மாட்டிப் பாருங்கள். அதோடு ஒழுங்காக வேலை செய்தால் குற்றவாளி புது மூடிதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அண்ணனைப் பக்கத்தில் விடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

பி.கு.: அந்தத் தையல்காரம்மா விஷயம் மனதில் தைத்துவிட்டது. அதை ஏன் கடைசியில் எழுதினீர்கள், முதலிலேயே சொல்லியிருக்கலாமே. மற்றதை வாசிக்கும்போது உங்கள்மேல் கோபப்படாமல் இருந்திருப்பேன்.

*

பிப்ரவரி 7

நாத்தனாருக்கு,

கழற்றினேன். நேர் மேலாக. சுவிட்சைத் தனியாக அமுக்கினால் விரலை எடுக்கும் முன்பே எழுந்து நிற்கிறது. அதற்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை, விடுதலை செய்துவிட்டேன்.

பழைய ஸ்பேஸ் பாரைத் தேடினேன். நீ பழைய மூடிகளை ஒரு டப்பாவில் போட்டு உன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். எச்சரிக்கையை இந்தக் கடிதத்தில் எழுதியதற்குப் பதில் அந்த டப்பாவின் மேல் எழுதியிருக்கலாம்.

"எங்க வச்சீங்க?"

"கழுவி வச்சிருக்கேன். சும்மா கழுவல, கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தேன். எத்தனை வருஷ விரல் அழுக்கு! கிருமி இருக்கும்ல?"

மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் கிருமி இருக்காது, மற்றதெல்லாம் இருக்கும். சின்ன மூடிகள் தப்பித்துவிட்டன. ஸ்பேஸ் பார் படகாக வளைந்துவிட்டது. மேசையில் வைத்தால் ஆடுகிறது. நான் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். அவரும் பக்கத்தில் வந்து நின்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "புதுசாவே ஒரு கீபோர்ட் வாங்கிடலாமே" என்றார். புதுக் கட்டைகளுக்குக் கை பழக மாதக்கணக்கில் ஆகும் என்றேன். "மாத்திரைன்னா மூணு நாள்ல கேட்கும்" என்றார்.

எனக்கு மாதங்கள் இல்லை. அரங்க மேலாளர் நேற்று கூப்பிட்டு, பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் ஒரு மென்பொருள் வந்திருப்பதாகச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு பரவசம். "அது டீ கேக்காதுங்க. லீவு போடாது. இருமாது." நான் இந்த மூன்றையும் செய்கிறவள் என்பதால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். இருபத்திரண்டாம் தேதி ஒரு பல் டாக்டர் பேசுகிறார். அன்றைக்கு மேடையின் இடப்பக்கத் திரையில் மென்பொருள் எழுதும், வலப்பக்கத் திரையில் நான். யார் தேவலை என்று பார்த்து, அடுத்த மாதம் முதல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார்களாம்.

பயமாக இருக்கிறதா என்று கேட்காதே. எரிச்சலாக இருக்கிறது. அந்த எரிச்சலுக்குள்ளே எங்கேயோ உற்சாகமும் இருக்கிறது என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் என்னோடு போட்டிக்கு நின்றது யாரும் இல்லை.

அண்ணி

*

பிப்ரவரி 7, மதியம்

அண்ணி!

போட்டியா? நேருக்கு நேரா? பக்கத்துப் பக்கத்துத் திரையில்? இதைக் கடிதத்தின் அடிப்பகுதியில் போடுகிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான்.

இங்கே வெல்டரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் சொல்லிவிட்டேன். கட்டடம் முழுக்க உங்கள் கட்சி.

புது மூடியையே மறுபடி மாட்டுங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று வரிசையாக நன்றாக அழுத்துங்கள், மூன்று 'டக்' கேட்க வேண்டும். இரண்டுதான் கேட்டால் ஒரு கால் இன்னும் உட்காரவில்லை என்று அர்த்தம். மாட்டிவிட்டு எழுதுங்கள்.

அண்ணன் கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.

*

பிப்ரவரி 11

நாத்தனாருக்கு,

மூன்று 'டக்' கேட்டது. மூன்றாவது கொஞ்சம் மந்தமாகக் கேட்டது, ஆனால் கேட்டது.

மாட்டிவிட்டு வீட்டில் ஒரு மணி நேரம் அடித்துப் பார்த்தேன். பழுதில்லை. உன் அண்ணனும் ஒற்றை விரலால் நடுவில் குத்திப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். மகிழ்ச்சியாக உறைக்குள் போட்டு அரங்கத்துக்கு எடுத்துப் போனேன். கூட்டம் தொடங்கியதும் மறுபடி அதே கதை. இறங்குகிறது, எழுந்திருக்க மறுக்கிறது. வீட்டுக்கு வந்தேன், மறுபடி சரியாக இருக்கிறது. விருந்தாளி முன்னால் மட்டும் அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரி.

கீபோர்ட் ஒன்றுதான். மூடி ஒன்றுதான். இரண்டு இடத்திலும் மாறியிருக்கக்கூடியது நான் மட்டும். அப்படியானால் நீ போனில் சொன்னது சரியாகத்தான் இருக்கும். என் கைதான். நாலு பேர் முன்னால் அடிக்கும்போது கை தளர்கிறது போல. வீட்டில் தைரியம், வெளியில் நடுக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் தளர்கிறவர்களுக்குத் தோன்றாது என்பார்கள்.

நேற்றுத் தையல்காரம்மா வந்திருந்தார். பேச்சில் இரண்டு மூன்று இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, பின்வரிசைக்காரர்களின் முகத்தைப் பார்த்து, அவர்கள் சிரித்தால் இவரும் சும்மா புன்னகைத்தார். என்ன சிரிப்பு என்று தெரியாமலே. என் எழுத்தை நம்புவதை விட்டுவிட்டார்.

மேலாளருக்கு ஒரு கடிதம் அடித்து வைத்திருக்கிறேன். போட்டி எதற்கு, மென்பொருளையே வைத்துக்கொள்ளுங்கள் என்று. நல்ல நடையில் வந்திருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

அண்ணி

*

பிப்ரவரி 13

அண்ணி, அந்தக் கடிதத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நல்ல நடையில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், நான் வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுகிறேன். போனில் 'உங்க கைதான்' என்றேனே, அது ஒரு வாய்ப்பேச்சு. நீங்கள் என் அழகான மூடிகளைக் குறை சொன்னீர்கள், பதிலுக்கு உங்களிடம் எதைக் குறை சொல்வது என்று பார்த்தேன், கை இருந்தது.

இப்போது கேளுங்கள். இன்று காலை எங்கள் லிஃப்ட் நாலாவது மாடிக்கு மேல் முனகிக்கொண்டு ஏறியது. காலியாக விட்டால் வெண்ணெயாக ஓடுகிறது. உள்ளே ஆள் ஏறினால் ஒரு தடவை சரி, ஒரு தடவை முனகல். மோட்டாரைத் திட்டினேன், கயிற்றைத் திட்டினேன், கூட இருந்தவனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து லிஃப்டுக்குள் ஒரே மூலையில் அடுக்கியிருக்கிறார்கள். லிஃப்ட் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் ஓடுவது. எடை நடுவில் இருந்தால் நேராகப் போகும். ஒரு மூலையில் இருந்தால் சாய்ந்து ஒரு பக்கத் தண்டவாளத்தில் உரசும். உரசுகிற இடத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் போதும், பிடித்துக்கொள்ளும்.

அந்த நிமிஷம் எனக்குப் பொறி தட்டியது. குழிக்குள் நின்று "அண்ணி!" என்று கத்திவிட்டேன். மேலே இருந்த வெல்டர், "என்னக்கா, யாராவது விழுந்துட்டாங்களா?" என்று எட்டிப் பார்த்தான்.

வீட்டில் சரி, அரங்கத்தில் மக்கர். அப்படியானால் வீட்டில் ஓர் இடத்திலும் அரங்கத்தில் வேறோர் இடத்திலும் தட்டுகிறீர்களோ?

படகாக வளைந்த அந்தப் பழைய ஸ்பேஸ் பாரை எடுங்கள். தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள், உங்களைத் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வருஷக்கணக்காகக் கட்டைவிரல் பட்ட இடம் மழமழவென்று தேய்ந்து பளபளக்கும். எங்கே பளபளக்கிறது? நடுவிலா? உடனே பதில். உடனே!

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 14

அடியே!

வலது கோடியில்! நடுவில் லேசாக ஒரு பளபளப்பு. வலது கோடியில், விளிம்புக்கே பக்கத்தில், கண்ணாடி மாதிரி ஓர் இடம். கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

நான் இங்கே வீட்டில் கீபோர்டுக்கு நேரே உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். அடி நடுவுக்குப் பக்கத்தில் விழுகிறது. பிறகு அரங்கத்தில் எப்படி உட்காருகிறேன் என்று யோசித்தேன். யோசித்தால் வரவில்லை, உட்கார்ந்து காட்டினால்தான் வருகிறது. சாப்பாட்டு மேசையை அரங்கமாக வைத்துக்கொண்டேன். உன் அண்ணனை மேசைக்கு எதிரே தூணாக நிற்க வைத்தேன். ஏனென்றால் அங்கே எனக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கிறது. பேசுகிறவரின் வாயைப் பார்க்காமல் எனக்கு அடிக்க வராது. அதனால் நாற்காலியை வலப்புறம் நன்றாகத் தள்ளிப்போட்டுக்கொள்வேன். கீபோர்டையும் சேர்த்துத் தள்ளலாம் என்றால், மேசையின் வலது பாதியை ஒலிபெருக்கிக்காரரின் பெட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆக நான் ஓர் இடத்தில், கீபோர்ட் ஓர் இடத்தில். கை வலமிருந்து சாய்ந்து வருகிறது. கட்டைவிரல் போய் விழுவது அந்தக் கோடியில்.

இத்தனை வருஷமாக அப்படித்தான் அடிக்கிறேன். எனக்கே தெரியாது!

"நான் இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று தூண் கேட்டது.

இப்போதும் புது மூடியில் வலது கோடியில் தட்டினேன். படுத்துக்கொண்டது! எழுந்திருக்கவில்லை! இவ்வளவு சந்தோஷமாக ஒரு கோளாறை நான் பார்த்ததே இல்லை. அடுத்து என்ன செய்ய, சொல்.

அண்ணி

*

பிப்ரவரி 15

அண்ணி,

அந்தக் கோடியில போய் யார் அடிப்பா! நான் எப்படிச் சோதித்தேன் தெரியுமா? ஆள்காட்டி விரலை நீட்டி, நட்டநடுவில், நிதானமாக ஓர் அமுக்கு. எழுந்ததா, எழுந்தது. அடுத்தது. லிஃப்ட் பட்டனை அமுக்குகிற மாதிரி. வாழ்க்கையில் எந்தக் கட்டையைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் அமுக்க வரும். நீங்களோ புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவதுபோல் ஓரத்தில் தட்டுகிறீர்கள். நம் இருவருடையதும் ஒரே ஸ்பேஸ் பார் இல்லை.

இப்போது வேலை. மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். மூன்று கால் தெரியும். ஒவ்வொன்றின் நுனியிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு துளை இருக்கும். இடது காலின் துளையையும் வலது காலின் துளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது 'டக்' மந்தமாகக் கேட்டது என்று எழுதியிருந்தீர்கள், அன்றைக்கே நான் பிடித்திருக்க வேண்டும். என் ஊகம், வலது துளைக்குள் அச்சில் வார்த்தபோது மிஞ்சிய பிளாஸ்டிக் பிசிறு இருக்கிறது. அதனால் அந்தக் கால் அடிவரை இறங்காமல் மயிரிழை உயரத்தில் நிற்கிறது. நடுவில் அமுக்கினால் தெரியாது. ஓரத்தில் தட்டினால் சாய்ந்து பிடித்துக்கொள்ளும்.

ஊசி நுனியால் பிசிறை மட்டும் சுரண்டுங்கள். துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள், பிறகு ஆடும். கொஞ்சம் சுரண்டி, ஊதி, மாட்டி, தட்டிப் பாருங்கள். போதாவிட்டால் மறுபடி. எண்ணெய் வேண்டாம். கிரீஸ் வேண்டாம். அண்ணன் எதையாவது ஒரு டியூபில் எடுத்துக்கொண்டு வருவார், அதுவும் வேண்டாம்.

நான் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டேனே என்று கை பரபரக்கிறது!

*

பிப்ரவரி 16

பிசிறுதான்.

உன் அண்ணனின் கடை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மருந்துப் பாட்டில்களில் காலாவதித் தேதி வாசிக்க வைத்திருப்பது. இடது துளை துப்புரவாக இருந்தது. வலது துளையின் ஒரு மூலையில் நகத்துணுக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாக்கு. இந்த அற்பத்துக்காகவா நான் ராஜினாமா எழுதினேன்!

எதிர்பார்த்தபடியே அவர் ஒரு டியூபோடு வந்தார். "வெடிப்புக்குப் போடுறது, வழவழன்னு இருக்கும்" என்றார். "இவ வேணாம்னு எழுதிட்டா" என்று உன் கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "எனக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டார். நன்றாகவே பிடித்தார், எழுதாமல் விடக் கூடாது.

சுரண்டினேன், ஊதினேன், மாட்டினேன். முதல் தடவை பாதி எழுந்தது. மறுபடி கழற்றி, இன்னும் ஒரு சுரண்டல். மூன்று 'டக்'. மூன்றும் ஒரே சுருதியில்.

நாற்காலியை வலப்புறம் தள்ளிப்போட்டேன். உன் அண்ணன் சொல்லாமலே போய்த் தூணாக நின்றார். கண்ணை மூடிக்கொண்டு வலது கோடியில் தட்டினேன்.

டொக்.

நீ கேட்டிருக்க வேண்டும். விரலைத் தூக்கும் முன்பே அது விரலைத் தூக்கிவிட்டது! நான் தட்டிக்கொண்டே இருந்தேன். எதையும் எழுதவில்லை, இடைவெளி மட்டும். பக்கம் பக்கமாக வெற்றிடம். இவ்வளவு உற்சாகமாக ஒன்றுமே இல்லாததை நான் எழுதியதில்லை. தூண் கைதட்டியது.

மேலாளருக்கான கடிதத்தைக் கேட்டாயே. கிழித்துவிட்டேன். நடை பரவாயில்லைதான், ஆனால் பொய்.

அண்ணி

*

பிப்ரவரி 23

அண்ணி,

இன்ஸ்பெக்டர் வந்தார், லிஃப்டில் ஏறினார், மூலையில் போய் நின்றார். வேண்டுமென்றே! நான் சிரித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அது கிடக்கட்டும். நேற்று என்ன ஆயிற்று? ஏன் எழுதவில்லை? அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்கிறார். எது நல்லா இருந்துச்சு? "பல் டாக்டர் நல்லா பேசினாரு. பல்லைப் பத்தி நிறைய விஷயம் சொன்னாரு." அதற்குமேல் அவரிடம் பெயரவில்லை.

வெல்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டான். எழுதுங்கள்!

*

பிப்ரவரி 23, மாலை

என் அருமை நாத்தனாருக்கு,

நேற்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. மாலை முழுக்க அடித்த கை அசந்துவிட்டது. இந்த முறை நிஜமாகவே கைதான்.

அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டு திரை. இடப்பக்கம் அது, வலப்பக்கம் நான். காது கேளாதவர்கள் எல்லாரும் முன்வரிசையில் இடப்பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். புதியது எப்படி என்று பார்க்கத்தானே தோன்றும். தையல்காரம்மாவும் அங்கேதான். குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

முதல் பாதியில் அது என்னைவிட வேகம் என்றுதான் சொல்ல வேண்டும். மருந்துப் பெயர்களைத் தண்ணீராக எழுதியது. நான் 'ஈறு' என்று தட்டும்போது அது ஈறு நோய்க்கு வைத்தியமே சொல்லிக்கொண்டிருந்தது. மேலாளர் என்னைப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் மறக்கப் போவதில்லை.

பிறகு பல் டாக்டர் ஒரு கதை சொன்னார். "எங்கிட்ட வர்றவங்க எல்லாருமே ஒரே பொய்யைத்தான் சொல்லுவாங்க. தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கிறேன் டாக்டர்னு. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஏன்னா நானும் அவங்ககிட்ட ஒரே ஒரு பொய்தான் சொல்றேன்" என்று சொல்லி நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மனிதர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் தெரியுமா!

அந்த நிறுத்தத்தில் மென்பொருள் ஏமாந்துவிட்டது. வாக்கியம் முடிந்தது என்று நினைத்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, கடமை முடிந்த திருப்தியில் நின்றது. எனக்கு அவர் வாய் தெரிகிறது. தூணுக்கு வலப்புறம், நாற்காலியின் நுனியில் நான். உதடு குவிந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் ஒரு சொல் வருகிறது. கட்டைவிரல் வலது கோடியில், தொடாமல் தொட்டுக்கொண்டு.

"வலிக்காது" என்றார்.

டொக்.

அரங்கம் வெடித்தது. அந்த வெடிப்புக்குள் ஒரு தனிச் சிரிப்பை நான் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டிப் பார்த்தேன். தையல்காரம்மா தலையை அண்ணாந்து, வாயைப் பொத்தாமல், பக்கத்துச் சீட்டின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் எப்போது என் திரைக்குத் திரும்பினார் என்று எனக்குத் தெரியாது. இடப்பக்கத் திரை, சிரிப்பெல்லாம் அடங்கியபிறகு, தனியாக ஒரு வரியில் 'வலிக்காது' என்று அறிவித்தது. யாருக்கு ஆறுதல் சொன்னதோ.

இடைவேளைக்குப் பிறகு நான் வந்து உட்கார்ந்தபோது முன்வரிசையில் இடப்பக்க நாற்காலிகள் காலி. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வலப்பக்கம் வந்துவிட்டார்கள். இடம் போதாமல் இரண்டு பேர் தரையில். மேலாளர் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து மேசையில் வைத்தார். கூட்டம் முடிந்ததும், அடுத்த மாதமும் வாருங்கள், அதற்கடுத்த மாதமும் வாருங்கள் என்றார். இடப்பக்கத் திரையில் இனி வரப்போகும் கூட்டங்களின் விளம்பரம் ஓடுமாம். தேதி, நேரம் எல்லாம் அது பிழையில்லாமல் எழுதுகிறது.

படகாக வளைந்த பழைய ஸ்பேஸ் பாரை நாளைக்குத் தபாலில் அனுப்புகிறேன். உனக்குத்தான். அது இல்லாவிட்டால் என் விரல் எங்கே விழுகிறது என்று நீயும் கண்டுபிடித்திருக்க மாட்டாய், நானும் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். உன் அண்ணன் அதை மறுபடி ஒருமுறை கொதிக்க வைத்துவிட்டு அனுப்பலாமே என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. பேசுவோம். குறுக்கே புகுந்தாலும் பரவாயில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நீ கேட்பாய் என்று தெரியும், ஏன் கடைசியில் எழுதுகிறாய் என்று திட்டுவாய் என்றும் தெரியும். தையல்காரம்மா அப்படிச் சத்தமாகச் சிரித்தபோது நான் அரங்கத்தை ஒரு கண் பார்த்தேன்.

யாரும் திரும்பவில்லை.

அண்ணி